கடற்கரை மனை முகவருக்கான இணையதளம்: செயற்கை நுண்ணறிவைக் கொண்டு தாமே கட்டும் முறை

செயற்கை நுண்ணறிவு நிரலாக்கக் கருவி ஒன்றைத் திறந்து, "மனை விற்பனை முகவருக்கு ஓர் இணையதளம் செய்து கொடு" என்று ஒரே வரியில் கேட்டால், தேநீர் குடித்து முடிப்பதற்குள் பார்வைக்கு அழகான தளம் ஒன்று வந்து நிற்கும். படுக்கையறை எத்தனை, குளியலறை எத்தனை என்று தேடும் வசதி அதில் இருக்கும். வீட்டுக்கடன் தவணையைக் கணக்கிடும் பெட்டி இருக்கும். நீச்சல் குளத்தோடு கூடிய மாளிகைப் படங்களும் இருக்கும். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உச்சிப்புளிக்கும் சாயல்குடிக்கும் இடையே பனங்காட்டையும் தென்னந்தோப்பையும் வீட்டு மனையையும் விற்றுக்கொடுக்கும் ஒருவருக்கு இவற்றில் முக்கால்வாசி பயன்படாது.

கருவி கற்ற மாதிரிகளில் அமெரிக்க முகவர்களின் தளங்களுடைய சாயல் மிகுதி என்பதே இதற்குக் காரணம். அங்கே முகவர்கள் தங்களிடம் விற்பனைக்கு வரும் வீடுகளை எம்எல்எஸ் எனப்படும் பொதுத் தொகுப்பில் பதிவு செய்கிறார்கள். ஐடிஎக்ஸ் என்ற ஏற்பாட்டின் வழியே அந்தத் தொகுப்பு ஒவ்வொரு முகவரின் தளத்துக்கும் தானாக வந்து சேர்கிறது. இராமநாதபுரத்தில் அப்படி ஒரு பொதுத் தொகுப்பு கிடையாது. முகவரின் சரக்கு அவருடைய டைரியிலும், வாட்ஸ்அப் குழுக்களிலும், பெரும்பாலும் அவருடைய நினைவிலுமே இருக்கிறது. எனவே, நிரலைக் கருவி எழுதிவிடும். ஒவ்வொரு நிலத்தைப் பற்றியும் எதை எழுதுவது, எதை வெளியிடுவது, எதை இன்னும் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்வது ஆகியவற்றை முகவரே உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும். அந்த வேலையிலிருந்தே தொடங்குவோம்.

நில அட்டை

கணினியைத் தொடுவதற்கு முன்பு, கையிலுள்ள நிலங்களில் பத்துப் பதினைந்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் என எழுதவும். ஊரின் பெயர், வருவாய் கிராமம், வட்டம், பரப்பு, விலை ஆகியவை எல்லோரும் எழுதுபவை. அவற்றுக்குப் பிறகு வருவனவே இந்தக் கடற்கரையில் ஒரு நிலத்தை இன்னொரு நிலத்திலிருந்து பிரித்துக் காட்டுபவை. நிலம் நத்தமா, புஞ்சையா, நஞ்சையா, நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவில் அடங்கியதா? பட்டா தனிப் பட்டாவா, கூட்டுப் பட்டாவா? வில்லங்கச் சான்று எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எடுத்துப் பார்க்கப்பட்டது? மூலப்பத்திரம் கையில் இருக்கிறதா? வண்டி போகும் பாதை பத்திரத்தில் இருக்கிறதா, பக்கத்து நிலத்தார் பெருந்தன்மையால் மட்டும் இருக்கிறதா? கண்மாய், ஊருணி, ஓடை ஆகியவற்றின் எல்லை எவ்வளவு அருகில் வருகிறது? ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்குமா? சீமைக்கருவேல் எவ்வளவு மண்டிக் கிடக்கிறது?

தண்ணீருக்குத் தனியாக இரண்டு மூன்று கட்டங்கள் ஒதுக்கத் தகும். இந்தக் கரையில் நிலம் வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி விலையைப் பற்றியது என்றால், இரண்டாவது கேள்வி போர் போட்டால் நல்ல தண்ணீர் வருமா, உப்பா என்பதுதான். அந்த நிலத்திலேயே போர் இருக்கிறதா, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றைப் பார்த்துச் சொல்கிறோமா, நீரைச் சோதித்த அறிக்கை உண்டா, காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாய் தெருவரை வந்திருக்கிறதா என்பவற்றைத் தனித்தனியே எழுத வேண்டும். "தண்ணீர் வசதி உண்டு" என்ற மூன்று சொற்களில் இவை அனைத்தையும் அடக்கிவிடுவது விளம்பரத்தாளின் பழக்கம். தளத்துக்கு அந்தப் பழக்கத்தைக் கொண்டுவர வேண்டியதில்லை.

கடலுக்கு அருகிலுள்ள நிலங்களுக்கு இன்னொரு பகுதியும் தேவை. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் (2011-இலும் 2019-இலும் வந்தவை) கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதிக்கின்றன. அலையேற்றத்தின்போது கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகங்களின் கரைகளும் அவற்றுக்குள் வரும். அந்தக் கோட்டை அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளே வரையறுக்கின்றன. கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் அது குறிக்கப்பட்டிருக்கும். செயற்கைக்கோள் படத்தில் ஈரமணல் தெரியும் இடத்திலிருந்து அளவுக் கருவியைக் கொண்டு அளந்து, "கடலிலிருந்து 520 மீட்டர்" என்று போட்டுக்கொள்வது ஆபத்தானது. ஆகவே அட்டையில் தொலைவை மட்டும் எழுதாமல், யார் அளந்தது, எந்த வரைபடத்தைப் பார்த்து, எந்தத் தேதியில் என்பதையும் எழுத இடம் விடவும்.

ஒவ்வொரு கேள்விக்கும் "ஆம்", "இல்லை" என்ற இரண்டோடு "பார்க்கவில்லை" என்ற மூன்றாவது விடையும் இருக்க வேண்டும். தளத்தின் நம்பகத்தன்மை முழுவதும் இந்த மூன்றாவது விடையில்தான் தங்கியிருக்கிறது என்பது என் கருத்து. நிரலாக்கக் கருவிகள் காலியாக விடப்பட்ட கட்டத்தை "இல்லை" என்று எடுத்துக்கொள்ளும், அல்லது அந்த வரியையே பக்கத்திலிருந்து எடுத்துவிடும். வில்லங்கச் சான்று பார்க்கப்படாத நிலம், பார்க்கப்பட்டு வில்லங்கம் இல்லாத நிலத்தைப் போலவே திரையில் தோன்றினால், படிப்பவர் ஏமாறுவார். பழி முகவர் மீது வரும். காலிக் கட்டம் "இன்னும் சரிபார்க்கப்படவில்லை" என்ற எழுத்துகளுடன் கண்ணில் படும்படி வர வேண்டும் என்று கருவியிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

கருவியும் அமைப்பும்

கருவிகள் இரு வகை. லவபிள், போல்ட், ரெப்லிட் போன்றவை உலாவிக்குள்ளேயே இயங்குபவை. கேட்டதைச் செய்து உடனே காட்டும், கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. கிளாட் கோட், கர்சர் போன்றவை உங்கள் கணினியிலுள்ள கோப்புகளின் மீதே வேலை செய்பவை. பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் கோப்புகள் எப்போதும் உங்கள் கையில் இருக்கும். வீட்டிலோ கடையிலோ கணினி தெரிந்த பிள்ளை ஒருவர் இருந்தால் இரண்டாம் வகையைப் பரிந்துரைப்பேன். எதைத் தேர்ந்தாலும், நிரல் முழுவதையும் கிட்ஹப் போன்ற இடத்தில் உங்கள் பெயரிலுள்ள கணக்கில் சேமித்து வைக்க முடியுமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளவும். தளத்தின் முகவரியான டொமைன் பெயரும் அப்படியே உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். செய்து கொடுத்தவரின் பெயரில் டொமைன் இருப்பது, கடைக்கு வேறொருவர் பெயரில் வாடகைச் சீட்டு இருப்பதற்குச் சமம்.

2025 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஆந்த்ரே கர்பாத்தி "வைப் கோடிங்" என்று ஒரு முறைக்குப் பெயரிட்டார்: நிரலைப் படிக்காமல், கருவியின் போக்கிலேயே விட்டு, வந்ததை ஏற்றுக்கொள்வது. வார இறுதியில் செய்து பார்த்துவிட்டுத் தூக்கிப்போடும் வேலைகளுக்கு அது மோசமில்லை என்றுதான் அவரே எழுதினார். பிறர் பணம் போடும் நிலங்களைக் காட்டும் தளத்துக்கு அந்த முறை போதாது. ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் எங்கே என்ன இருக்கிறது, எந்தத் தரவு எங்கே போகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அமைப்பைப் பொறுத்தவரை, முடிந்த அளவு எளிமையானதைக் கேட்கவும். கருவியைத் தன் போக்கில் விட்டால் தரவுத்தளம், பயனர் கணக்கு, கடவுச்சொல், நிர்வாகப் பலகை என்று அடுக்கிக்கொண்டே போகும். நூறு நிலங்களுக்கும் குறைவாக வைத்திருக்கும் முகவருக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. தேவையில்லாத ஒவ்வொரு கதவும் பூட்டு மறக்கப்படக்கூடிய கதவுதான். நில அட்டைகளை ஒரு கூகுள் ஷீட்டில் வரிசைக்கு ஒரு நிலமாக எழுதி, அதைப் படித்து முன்கூட்டியே பக்கங்களை உருவாக்கி வைக்கும் தளமாகக் கட்டச் சொல்வது போதும். ஆஸ்ட்ரோ போன்ற கட்டமைப்புகள் இதற்கென்றே இருப்பவை. இப்படிப்பட்ட தளம் விரைவாகத் திறக்கும், மாதச் செலவு வைக்காது, ஊடுருவ வருபவருக்கும் அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தளத்தை ஏற்றும் இடத்தின் இலவசத் திட்டம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கிறதா என்று மட்டும் விதிமுறையில் பார்த்துக்கொள்ளவும். தளங்களை ஏற்றி வைக்கும் வெர்செல் நிறுவனத்தின் இலவச ஹாபி திட்டம் வணிகமல்லாத தனிப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது.

கருவிக்குத் தரும் கட்டளை

ஒவ்வொரு முறையும் புதிதாக விளக்கிக்கொண்டிருக்காமல், திட்டத்தின் கோப்புறையிலேயே ஒரு கட்டளைக் கோப்பை எழுதி வைக்கலாம். கிளாட் கோட், கர்சர் இரண்டுமே அப்படி ஒரு கோப்பை வேலை தொடங்கும்போது தாமே படித்துக்கொள்ளும். அதைத் தமிழிலேயே எழுதலாம். கீழே உள்ளதை உங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும்.

"இது இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் நிலமும் மனையும் விற்றுக்கொடுக்கும் ஒரே ஒரு முகவரின் தளம். படிப்பவர்கள் பெரும்பாலும் கைபேசியில், பல சமயம் மெதுவான இணைப்பில், தமிழில் படிப்பார்கள். தரவு முழுவதும் கொடுக்கப்பட்ட ஷீட்டிலிருந்து மட்டும் வர வேண்டும். ஷீட்டில் இல்லாத எதையும், மாதிரிக்காகக்கூட, எழுதக் கூடாது: வாடிக்கையாளர் பாராட்டுரை, விற்பனை எண்ணிக்கை, அனுபவ ஆண்டுகள், கற்பனைப் படங்கள் எதுவும் வேண்டாம். காலியாக உள்ள கட்டத்தை மறைக்காமல் 'இன்னும் சரிபார்க்கப்படவில்லை' என்று காட்டவும். படுக்கையறை, குளியலறைத் தேடல் வேண்டாம். தேடல் ஊர், நில வகை, பரப்பு, விலை, தண்ணீர், தென்கடல் பக்கம் அல்லது வடகடல் பக்கம் ஆகியவற்றால் அமைய வேண்டும். பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் வேண்டாம். ஒரு மாற்றம் செய்யும் முன் என்ன செய்யப்போகிறாய் என்று நான்கு வரியில் சொல்லிவிட்டு, என் ஒப்புதல் பெற்ற பின் செய்யவும்."

கட்டளையில் கடைசி வரியை விட்டுவிட வேண்டாம். ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றச் சொன்னால் பத்துக் கோப்புகளைத் திருத்திவிட்டு வரும் பழக்கம் இந்தக் கருவிகளுக்கு உண்டு. பாராட்டுரையைப் பற்றிய வரியும் அவசியம்; இல்லாத வாடிக்கையாளர்களின் பெயரில் நன்றியுரைகளை எழுதித் தளத்தின் அடியில் வைத்துவிடுவது அவற்றுக்கு இயல்பான வேலை.

தென்கடல், வடகடல் என்ற பிரிவை ஏன் சேர்த்தேன் என்று வெளியூரார் கேட்கக்கூடும். மண்டபம் முதல் இராமேசுவரம் தீவு வரை தெற்கே மன்னார் வளைகுடாவும் வடக்கே பாக் நீரிணைப் பகுதியும் இருப்பதால், உள்ளூர்க்காரர் நிலத்தை முதலில் அப்படித்தான் பிரித்துக் கேட்பார். இவ்வாறு ஊர் தெரிந்தவர் தேடும் வழியில் தேடலை அமைப்பதே தாமே தளம் கட்டிக்கொள்வதன் ஆதாயம். பொதுவான விளம்பரத் தளங்கள் எதிலும் இந்தப் பிரிவு இராது.

ஊர்ப் பெயர்களுக்கு ஒரு தனிப் பட்டியலும் கொடுக்க வேண்டும். ஏர்வாடி இராமநாதபுரத்திலும் உண்டு, திருநெல்வேலியிலும் உண்டு. முத்துப்பேட்டை இங்கும் உண்டு, திருவாரூர் மாவட்டத்திலும் உண்டு. கருவி வரைபடத்தைத் தானாகத் தேடிப் பொருத்தினால், தர்காவுக்குப் பக்கத்து மனை தாமிரபரணிச் சீமைக்குப் போய்விடும். ஆகவே ஒவ்வோர் ஊருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை நீங்களே தரவும். கீழக்கரையை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள். எந்த விதமாகத் தட்டினாலும் அதே ஊர் வரும்படி எல்லா வடிவங்களையும் பட்டியலில் சேர்க்கவும்.

அளவும் தொகையும்

கருவி அதிகம் தடுமாறும் இடம் இது. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இரண்டு பகுதியாக அச்சாகியிருக்கும். "1 - 5.00" என்றால் 1 ஹெக்டேர் 5 ஏர், அதாவது 1.05 ஹெக்டேர், ஏறத்தாழ 259 சென்ட். அதையே கருவி 1.5 ஹெக்டேர் என்று படித்துவிட்டால் ஏறத்தாழ 371 சென்ட் ஆகிவிடும். உண்மையில் இல்லாத நிலம் ஓர் ஏக்கருக்கு மேல் விற்பனைக்கு வந்துவிடும். எனவே ஷீட்டில் ஹெக்டேருக்கு ஒரு கட்டம், ஏருக்கு ஒரு கட்டம் எனத் தனித்தனியே வைத்து, சென்ட்டாகவும் சதுர அடியாகவும் மாற்றும் கணக்கை மட்டும் நிரலிடம் விடவும்.

மாற்று அளவுகளைக் கருவியின் நினைவை நம்பி விடாமல், கட்டளைக் கோப்பிலேயே எழுதிவிடுவது நல்லது: ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நூறு சென்ட் ஓர் ஏக்கர், 43,560 சதுர அடி. ஓர் ஏர் 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.471 சென்ட். பிறகு, விடை தெரிந்த சில நிலங்களைக் கொடுத்து, மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த விடைகள் சரியாக வருகின்றனவா என்று தானே சோதித்துக்கொள்ளும் சோதனை நிரலையும் எழுதச் சொல்லவும். 5 சென்ட் கொடுத்தால் 2,178 சதுர அடியும், 40.50 ஏர் கொடுத்தால் நூறு சென்ட்டுக்கு ஒரு துளி மேலும் வர வேண்டும்.

தொகையை இந்திய முறையில் பிரிக்கச் சொல்லவும். பன்னிரண்டரை இலட்சம் 12,50,000 என்று வர வேண்டும், 1,250,000 என்று வந்தால் படிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார். தோட்டத்துக்குச் சென்ட் விலை, நகர மனைக்குச் சதுர அடி விலை என்று இரு வழக்கு இருப்பதால், எந்த நில வகைக்கு எதைப் பெரிய எழுத்தில் காட்டுவது என்பதும் விதியாக எழுதப்பட வேண்டும். அரசின் வழிகாட்டி மதிப்பைக் காட்ட விரும்பினால் பார்த்த தேதியோடு காட்டவும்.

மறைத்தது உண்மையில் மறைந்ததா

தனி நிலங்களின் சர்வே எண்ணை வெளியிடுவதா என்பது முகவர்களிடையே தீராத கேள்வி. எண் தெரிந்தால் வாங்குபவர் அரசின் இணையச் சேவையில் பட்டாவைப் பார்த்து, உரிமையாளர் பெயரை அறிந்து, நேரே அவர் வீட்டுக்குப் போய்விடலாம். முகவரின் கமிஷன் போய்விடும். எண் தெரியாவிட்டால் வாங்குபவரால் எதையும் சரிபார்க்க இயலாது. விளம்பரப் பக்கத்தில் கிராமத்தை மட்டும் காட்டிவிட்டு, பேசத் தொடங்கியவருக்குச் சர்வே எண்ணும் ஆவண நகல்களும் தருவதே நியாயமான நடுவழி என்று நினைக்கிறேன். "கேட்டால் தரப்படும்" என்பதைப் பக்கத்திலேயே எழுதிவிடவும்.

அப்படி மறைப்பதென்றால் உண்மையாகவே மறைக்க வேண்டும். திரையில் சர்வே எண் தெரியாது. ஆனால் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தால் நிலத்தின் மொத்த விவரமும், உரிமையாளரின் கைபேசி எண் உட்பட, அங்கே கிடக்கும். கருவி தரவு முழுவதையும் பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, காட்ட வேண்டியதை மட்டும் காட்டும்போது இப்படி நேரிடும். இதைத் தடுக்க இரண்டு ஷீட்டுகள் வைத்துக்கொள்ளவும். உரிமையாளர் பெயர், தொலைபேசி, சர்வே எண், அடிமட்ட விலை ஆகியவை உங்களுக்கு மட்டுமான ஷீட்டில் இருக்கட்டும். தளம் படிக்கும் ஷீட்டில் அந்தக் கட்டங்களே இருக்கக் கூடாது. இணையத்தில் வெளியிடப்பட்ட கூகுள் ஷீட்டை, அதன் இணைப்பு தெரிந்த எவரும் படிக்கலாம் என்பதை மறந்துவிட வேண்டாம். தளம் தயாரானதும் உலாவியில் மூலநிரலைத் திறந்து, உரிமையாளர் ஒருவரின் எண்ணைத் தேடிப் பார்க்கவும்.

ஒளிப்படங்களும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். கைபேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு பதிந்திருக்கலாம். தளத்துக்கு ஏற்றும் முன் அந்த விவரத்தை நீக்கி, வெப்பி வடிவத்துக்கு மாற்றி, படம் ஒன்று 200 கிலோபைட்டுக்குள் அடங்கும்படி சுருக்கும் சிறு நிரலைக் கருவி எளிதாக எழுதித்தரும். வரைபடத்தில் நிலத்தின் துல்லியமான புள்ளிக்குப் பதில் ஊரின் நடுப்புள்ளியைக் குறிக்கலாம். கூகுள் வரைபடத்தை நிரல் வழியே சேர்க்கப் பொதுவாகக் கட்டணக் கணக்கு இணைக்க வேண்டியிருப்பதால், ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை அதற்குரிய நன்றிக் குறிப்போடு பயன்படுத்தினால் போதும்.

ட்ரோன் படம் எடுக்க விரும்புவோர் முதலில் ட்ரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வான்வெளி வரைபடத்தைப் பார்க்க வேண்டும். உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம் இருக்கிறது. இந்தக் கரையில் நினைத்த இடத்தில் ட்ரோன் பறக்கவிட இயலாது. படம் இல்லை என்பதற்காகக் கருவியைக் கொண்டு படம் வரையச் சொல்வதோ, காய்ந்த தேரி மணலைப் பசும்புல்லாக மாற்றுவதோ கூடவே கூடாது.

சட்டம் கேட்கும் வரிகள்

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, பதிவு செய்யப்பட வேண்டிய திட்டங்களில் மனையோ வீடோ விற்க உதவும் முகவர் ரெரா பதிவு பெற்றிருக்க வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், அந்த மனையின் விலையில் 5 விழுக்காடு வரை தண்டம் உயரலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் பொதுவாக இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடும். ஆகவே உங்கள் பதிவு எண் எல்லாப் பக்கங்களின் அடியிலும், மனைப்பிரிவின் பதிவு எண் அந்தந்த மனையின் பக்கத்திலும், விலைக்கு அருகிலேயே, படிக்கும் அளவில் வர வேண்டும். மனைப்பிரிவு என்று குறிக்கப்பட்டு எண் கட்டம் காலியாக இருந்தால் அந்தப் பக்கம் உருவாகவே கூடாது என்று நிரலில் விதி வைக்கலாம். மனிதர் மறந்தாலும் நிரல் மறக்காது என்பதால், தளத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான்.

இதே வழியில் இன்னொரு விதியும் வைக்கலாம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களின் நிலத்தை வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் தேடுவார்கள். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் குடியிருப்பு மனையும் வணிகக் கட்டடமும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டப் பயிர் நிலம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. நில வகையில் நஞ்சை, புஞ்சை, தோப்பு என்று இருந்தால் இந்தக் குறிப்பு தானாகவே பக்கத்தில் வரச் செய்யவும். கோயில் நிலம், வக்ஃபு நிலம், அரசுப் புறம்போக்கு ஆகியவற்றைப் பற்றிய ஐயம் எழுந்தால் அந்த நிலத்தை ஷீட்டில் ஏற்றாமலே நிறுத்தி வைக்கவும். தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அத்தகைய நிலங்களின் பத்திரங்களையும், ஒப்புதல் பெறாத மனைப்பிரிவின் மனைப் பத்திரங்களையும் பதிவு செய்யப் பொதுவாகத் தடை விதிக்கிறது.

"விமான நிலையம் வரப்போகிறது", "நாற்கரச் சாலை வரப்போகிறது" போன்ற வரிகளைக் கருவி எழுதினாலும் நீக்கவும், நீங்கள் எழுத விரும்பினாலும் நீக்கவும். நில விவரிப்பைக் கருவியிடம் உரைநடையாகக் கேட்டால் "கடற்காற்று தவழும் சொர்க்கம்" என்றுதான் தொடங்கும். அட்டையின் கட்டங்களை அப்படியே வரிசையாகக் காட்டிவிட்டு, அவற்றின் மேலே நீங்களே இரண்டு வரி எழுதுவது போதும்.

தொடர்புக்கு வழி

படிவத்தைக் காட்டிலும் வாட்ஸ்அப் பொத்தானே இங்கு வேலை செய்யும். பொத்தானை அழுத்தியதும் நிலத்தின் எண்ணும் ஊரும் செய்திப் பெட்டியில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் "அந்த இடம் என்ன விலை?" என்று மட்டும் செய்தி வரும், எந்த இடம் என்று கேட்டே பாதி நாள் போய்விடும். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை உள்ளதால், அங்கிருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பும் வழியே பயன்படும். படிவமும் வேண்டுமென்றால், தொலைபேசிக் கட்டம் பத்து இலக்கத்தை மட்டும் ஏற்கும்படி கருவி அமைத்திருக்கிறதா என்று பார்க்கவும். 971, 966, 60, 65 எனத் தொடங்கும் அயல்நாட்டு எண்களும் உள்ளே வர வேண்டும். வாங்கிய எண்ணை எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று ஒரு வரி எழுதி ஒப்புதல் கேட்பது, 2023-ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் நல்லது, மரியாதைக்கும் நல்லது.

தமிழ் எழுத்து

பழைய விளம்பரத்தாள்கள் பெரும்பாலும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. அவற்றை அப்படியே ஒட்டினால் தளத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு, கொம்பும் காலும் இடம் மாறாமல் வந்திருக்கின்றனவா என்று ஒருவர் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்து வைத்தால் எல்லாக் கைபேசியிலும் ஒரே மாதிரி தெரியும். வரி இடைவெளியைக் கூட்டச் சொல்லவும். "அங்கீகரிக்கப்பட்டுள்ளது" போன்ற நீண்ட சொற்கள் பொத்தானை விட்டு வெளியே வழியும்போது, கருவி அந்தச் சொல்லை எங்கு வேண்டுமானாலும் உடைத்துச் சரிசெய்யப் பார்க்கும். அதை ஏற்காமல் பொத்தானை அகலமாக்கச் சொல்லவும் அல்லது சொல்லைச் சுருக்கவும்.

வெளியிட்ட பிறகு

மலிவான ரீசார்ஜில் ஓடும் பழைய கைபேசி ஒன்றை வாங்கி, சிக்னல் பலவீனமான வாலிநோக்கம் சாலையிலோ தனுஷ்கோடி வழியிலோ நின்று தளத்தைத் திறந்து பார்ப்பது, அலுவலக வைஃபையில் நாள் முழுக்கப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. கூகுள் பிசினஸ் பக்கத்தில் தள முகவரியைச் சேர்க்கவும். ஒவ்வொரு நிலத்துக்கும் தனி முகவரியுள்ள பக்கம் இருந்தால்தான் வாட்ஸ்அப் குழுவில் பகிரும்போது படமும் ஊரும் விலையும் முன்னோட்டமாக வரும். இதைக் கருவியிடம் கேட்டுச் செய்துகொள்ளவும்.

தளம் பழசாகிவிடுவது விற்ற நிலம் விற்காததுபோல நிற்பதால்தான். ஷீட்டில் "கடைசியாக உறுதி செய்த தேதி" என்று ஒரு கட்டம் வைத்து, அந்தத் தேதி பக்கத்தில் தெரியும்படி செய்யவும். உரிமையாளரிடம் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் "விலை மாறியிருக்கலாம்" என்ற குறிப்பும், மூன்று மாதம் ஆகியிருந்தால் பட்டியலிலிருந்து தானாக விலகுதலும் நடக்கட்டும். இந்தக் கணக்கு ஓட, ஷீட் மாறாத நாளிலும் தினம் ஒருமுறை தளம் தானாகப் புதிதாக உருவாகும்படி அமைக்கச் சொல்லவும். விற்றுப்போன நிலத்தின் பக்கத்தை அழித்துவிட வேண்டாம். பழைய இணைப்பு எத்தனையோ குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் தொட்டு வருபவருக்கு "விற்றுவிட்டது" என்ற சொல்லும், அதே ஊரில் அதே வகையில் இப்போது உள்ள நிலங்களும் தெரிந்தால் அவர் திரும்பிப் போகாமல் அடுத்ததைப் பார்ப்பார்.